இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வரும் படைக் குடும்பங்களுக்கு: பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலையில் சேர்ப்பதும், நீங்களும் அங்கே ஒருவராவதும்

ஒரு முத்திரைக்காக ஒருமுறை, ஓர் எழுத்துக்காக இன்னொருமுறை என்று திருகோணமலையிலிருந்து சிலாபத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். புத்தளம், அனுராதபுரம் வழியாக பஸ் மாறி மாறிப் போகும் பயணம் அது. மகளின் விடுகைப் பத்திரத்தில் அதிபரின் கையொப்பம் இருந்தது, பதவி முத்திரை இல்லை. அதைச் சரிசெய்துகொண்டு வந்தபிறகுதான் பெயரில் ஓர் எழுத்து பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். இதற்கிடையில் மகள் மூன்று வாரம் பாடசாலை போகாமல் வீட்டில் இருந்தாள்.

எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். கணவர் கடற்படையில் மாலுமி. நாங்கள் வந்தபோது மகள் தரம் 4, மகன் தரம் 9. துறைமுகத்துக் கடற்படைத் தளத்துக்கோ, பிரட்ரிக் கோட்டைக்கோ, சீனன்குடா விமானப்படைத் தளத்துக்கோ, பொலிஸுக்கோ இடமாற்றம் பெற்று, தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களைப் போன்ற குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே முகாமில் விசாரித்தால் சிங்களமொழிப் பாடசாலைகளுக்கான வழியைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். தமிழ்ப் பாடசாலைக்கான வழியை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1. பழைய ஊரை விட்டுப் புறப்படுமுன்

இந்தக் கட்டத்தைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. இடமாற்றக் கடிதம் கைக்கு வந்த அன்றே பழைய பாடசாலைக்குப் போய், இன்ன திகதியில் விலகுகிறோம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தவணை முடியும் கடைசி வாரத்தில் அலுவலகத்தில் கூட்டம் அதிகம், அவசரத்தில் பிழைகளும் அதிகம். தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது விடுகைப் பத்திரம் கையில் இருக்கும்படி பாருங்கள்.

கையில் எடுத்துக்கொண்டு வரவேண்டியவை:

- விடுகைப் பத்திரத்தின் மூலப்பிரதி. சேர்விலக்கம், கடைசியாகப் படித்த தரம், மொழிமூலம், விலகிய திகதி, அதிபரின் கையொப்பம், பதவி முத்திரை ஆகிய ஆறையும் அலுவலகத்தில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியே வந்து பார்க்காதீர்கள்.
- பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. குறைந்தது இரண்டு.
- கடைசி இரண்டு ஆண்டுகளின் தேர்ச்சி அறிக்கை.
- பிள்ளையின் சுகாதாரப் பதிவேடும் தடுப்பூசி விவரமும். மகள் தரம் 6-இல் இருந்தால் இது மிக அவசியம். அந்தத் தரத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி இரண்டு தடவையாகப் போடப்படுகிறது. முதலாவது பழைய ஊரிலும் இரண்டாவது இங்கேயும் என்று ஆகும்போது, எழுத்தில் இல்லாத ஊசி போடாத ஊசியாகத்தான் கணக்கிடப்படும்.
- கணவரின் அல்லது மனைவியின் இடமாற்றக் கடிதமும், தற்போது இங்கே கடமையில் இருக்கிறார் என்று கட்டளை அதிகாரி தரும் உறுதிக் கடிதமும்.

இந்தக் கடைசிக் கடிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. முகாமிலிருந்து வருவது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். தமிழ்ப் பாடசாலை அலுவலகத்தில் அதை வாசிக்க ஆள் இல்லாவிட்டால் உங்கள் கோப்பு மேசையில் கிடக்கும். கேட்கும்போதே ஆங்கிலத்திலும் ஒன்று கேட்டுப் பெறுங்கள். அது கிடைக்காவிட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டும். பக்கக் கணக்கில் பணம் வாங்குவார், இரண்டு மூன்று நாளும் போகும்.

பெயர் எழுத்து இன்னொரு பொறி. சிலாபம் போன்ற மேற்குக் கரையோர ஊர்களில் பிறந்த பிள்ளைகள் பலரின் பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருக்கிறது. பாடசாலையில் தமிழில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். என் மகளுக்கு ‘ஷ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ச’ இருந்தது. இப்போது சிறிய விஷயமாகத் தோன்றும். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதும் அடையாள அட்டை எடுக்கும்போதும் இதே எழுத்து பெரிய சுமையாக வந்து நிற்கும். பழைய பாடசாலையில் இருக்கும்போதே திருத்துங்கள். தூரத்திலிருந்து திருத்துவதற்கு எனக்கு ஒரு பயணத்தில் பஸ்ஸும் சாப்பாடும் ஓர் இரவுத் தங்கலுமாக 7,000 ரூபாய்க்கு மேல் போனது.

2. எந்தக் கதவைத் தட்டுவது

நேரே பாடசாலை வாசலுக்குப் போய் நின்றது நான் செய்த பிழை. இங்கே இருப்பவை இரண்டு வகை. தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. மாகாணப் பாடசாலைகள் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ், வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாக இயங்குகின்றன. நகரில் எல்லோரும் பெயர் சொல்லும் பாடசாலைகளில் சில தேசிய பாடசாலைகள். அவற்றின் இடைத் தரங்களில் இடம் கேட்டு அலையும் வழி நீளம். தேசிய பாடசாலை ஒன்றின் வாசலில் நான் எட்டு நாள் காத்திருந்தேன். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், பிள்ளையின் தரம், மொழிமூலம், சமயம், வசிக்கும் இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டபோது ஒரே காலையில் மூன்று பாடசாலைகளின் பெயர் கிடைத்தது.

திருகோணமலை மாவட்டத்தில் கல்வி வலயங்கள் பல. நகரும் உப்புவெளியும் ஒரு வலயம், கிண்ணியா வேறு, மூதூர் வேறு, கந்தளாய் வேறு. வீடு எங்கே எடுக்கப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துவிட்டுப் போங்கள். உட்துறைமுக வீதியிலோ உவர்மலையிலோ இருந்தால் பிள்ளை நடந்தே பாடசாலைக்குப் போகலாம். சீனன்குடாவில் இருந்தால் வான் வேண்டும்.

முகவரிக்கு அத்தாட்சியாகக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும், அதற்குப் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையும் மின்பட்டியலையும் காட்டலாம். முகாமுக்குள் குடும்ப விடுதியில் இருப்பவர்களைக் கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விடுதி ஒதுக்கப்பட்ட கடிதத்தை முதலில் முகாமில் வாங்கிக்கொண்டு அவரிடம் போங்கள். அலுவலக நாளையும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், கள வேலைக்குப் போயிருந்தால் அன்றைய நாள் வீண். சான்றிதழுக்கும் மேலொப்பத்துக்குமாக எங்களுக்கு நான்கு வேலைநாள் பிடித்தது.

3. தரம் 1-க்கு என்றால்

இது வேறு ஓட்டம். கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கான சுற்றறிக்கையையும் மாதிரி விண்ணப்பத்தையும் வெளியிடுகிறது. அண்மைய ஆண்டுகளின் சுற்றறிக்கைகளில் இடங்கள் பிரிந்த விதம் இது: அருகில் வசிப்போர் 50%, பழைய மாணவரின் பிள்ளைகள் 25%, ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர் 15%, கல்வி அமைச்சின் கீழுள்ள நிறுவனப் பணியாளரின் பிள்ளைகள் 5%, சேவைத் தேவை கருதி இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகள் 4%, வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் 1%. படையினரின் பிள்ளைகளுக்கான தனி ஏற்பாட்டையும் அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையில் தேடி வாசியுங்கள்.

பலர் அருகில் வசிப்போர் பிரிவில் மட்டும் விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். அந்தப் பிரிவில் புள்ளிகள் சேர்வதற்குத் தேருநர் (வாக்காளர்) இடாப்புப் பதிவும் பார்க்கப்படுகிறது. நம் பெயரோ பழைய ஊர் இடாப்பில் கிடக்கிறது. பாடசாலைக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தாலும் அது மட்டும் போதாமல் போகலாம். இடமாற்றப் பிரிவே நமக்குப் பொருத்தம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

4. தரம் 9-க்கு மேல் என்றால் முதலில் பாடம், பிறகு பாடசாலை

சாதாரண தரத்தில் ஆறு கட்டாயப் பாடங்களும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக மூன்று பாடங்களும் இருக்கின்றன. கட்டாயப் பாடங்களில் சமயமும் ஒன்று. நாங்கள் கத்தோலிக்கர். முதலில் இடம் தருவதாகச் சொன்ன பாடசாலையில் தரம் 10-க்குக் கத்தோலிக்கம் கற்பிக்க ஆசிரியர் இல்லை. மகன் பழைய பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் படித்தவன், அங்கே கர்நாடக சங்கீதம் மட்டுமே இருந்தது. அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னோம், இன்னும் பத்து நாள் தேடினோம், பொருத்தமானது கிடைத்தது. அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்குமுன், இந்தச் சமயமும் இந்த மூன்று பாடங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தரம் 11-இல் இருக்கும் பிள்ளையை, முடிந்தால், பரீட்சை முடியும்வரை பழைய ஊரில் தாத்தா பாட்டியோடு விட்டுவிடுங்கள். பிரிவு கடினம்தான், ஆனால் கடைசி ஆண்டில் பாடம் மாறுவது அதைவிடக் கடினம்.

15 வயது நிறைந்த பிள்ளைகளின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகிறது. பழைய பாடசாலையில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாறினால் அட்டை பழைய முகவரிக்கே போய்விடும். ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள், அல்லது இங்கே வந்தபிறகு விண்ணப்பியுங்கள்.

5. செலவு

அரச பாடசாலையில் இடத்துக்குப் பணம் இல்லை. பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் இலவசம். சட்டப்படி வாங்கும் வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா போன்றவற்றுக்குப் பற்றுச்சீட்டு தருவார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் இடத்துக்காக யாராவது நன்கொடை கேட்டால் கொடுக்காதீர்கள். கல்வி அமைச்சின் 1988-க்கும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954-க்கும் அழைத்துச் சொல்லலாம்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்துப்பட்டி, சின்னம், சப்பாத்து, உடற்பயிற்சி உடை எல்லாம் பாடசாலைக்குப் பாடசாலை மாறும். பழையது உதவாது. விளையாட்டுப் போட்டிக்கான இல்ல டீசேர்ட்டைப் பிள்ளைக்கு எந்த இல்லம் என்று தெரியுமுன் வாங்கிவிடாதீர்கள், நான் வாங்கிய மஞ்சள் டீசேர்ட் அலுமாரியில் கிடக்கிறது. வானுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 6,500 ரூபாய் கொடுக்கிறோம். எல்லாம் சேர்த்து, முதல் மாதத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் 40,000 ரூபாய் தனியாக எடுத்துவைத்திருந்தால் நான் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை.

6. முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்

அப்பா என்ன வேலை என்று கேட்டால் அரச வேலை என்று மட்டும் சொல் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தே முதல் நாள் அனுப்பினேன். அது பிழை. எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு இரகசியத்தை ஏற்றிவைத்தேன். அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள், பேசினால் எங்கே வாய் தவறிவிடுமோ என்ற பயம்.

இரண்டாவது வாரம் வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். கணவர் கடற்படையில் இருக்கிறார், சில சமயம் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார், கூட்டங்களுக்கு நான்தான் வருவேன், அவர் புறப்படும் நாட்களில் பிள்ளை சோர்ந்திருக்கும். ஆசிரியர் கேட்டுக்கொண்டு, பதிவேட்டில் என் தொலைபேசி இலக்கத்தை முதலாவதாக எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பலன் அடுத்த மாதம் தெரிந்தது. ‘எனது தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்லுமுன் மகளைக் கூப்பிட்டு, நீ விரும்பினால் அம்மாவைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறார். மகள் அப்பாவைப் பற்றியே எழுதினாள். “என் அப்பா கடலில் வேலை செய்கிறார். அவர் வரும் நாள் எங்களுக்குத் தெரியாது” என்று அவள் வாசித்தபோது, திருக்கடலூரிலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “எங்கள் அப்பாவும் அப்படித்தான் டீச்சர்” என்றானாம். அன்று இடைவேளையில் அவன் தன் ரொட்டியில் பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்ன செய்தி அதுதான்.

வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கவேண்டியது ஒன்றும் இருக்கிறது: தந்தை இல்லாத நாட்களில் சம்மதக் கடிதங்களில் யார் கையொப்பமிடுவார், பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்ற விவரம். கணவர் வீட்டில் இருக்கும்போதே அவர் கையொப்பத்தோடு கொடுத்துவிடுங்கள்.

7. சீருடையைப் பாடசாலை வாசலுக்கு வெளியே விடுங்கள்

இது சட்டமல்ல, என் அழுத்தமான கருத்து. இந்த ஊரில் சீருடை எல்லா வீட்டுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இழந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதே பெற்றோர் கூட்டத்தில் அடுத்த வாங்கில் இருக்கிறார்கள். பிள்ளையை விட வரும்போது கணவர் சாதாரண உடையில் வரட்டும். முகாம் வாகனம் வாசல்வரை வரவேண்டாம், சந்தியில் நிறுத்தி நடந்து வாருங்கள். அனுமதி தாமதமாகிறது என்று மேலதிகாரியைக் கொண்டு அதிபருக்குத் தொலைபேசி எடுக்கவைக்காதீர்கள். இடம் கிடைக்கலாம், அன்றோடு நம்மைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

வகுப்பு வாட்ஸப் குழுவில் கணவரின் பிரிவு, கப்பல், புறப்படும் நாள் எதையும் எழுதாதீர்கள். சீருடைப் படத்தை முகப்புப் படமாக வைக்கவும் வேண்டாம்.

பிள்ளையை யாராவது அப்பாவின் வேலையைச் சொல்லிச் சீண்டினால், மற்றப் பெற்றோரிடம் நேரே போகாமல் வகுப்பாசிரியர், பிறகு அதிபர் என்ற வரிசையில் போங்கள். கைநீட்டும் அளவுக்கு, பிள்ளை பயந்து ஒடுங்கும் அளவுக்குப் போனால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் எல்லோருக்கும் உரியது, நமக்கும்தான்.

8. சங்கத்தில் சேருங்கள், ஒரு வேலையைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, அதிபரே தலைவர். சந்தா செலுத்திய பெற்றோர் உறுப்பினர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவைத் தெரிவுசெய்கிறார்கள். செயற்குழுப் பதவிக்கு முதல் ஆண்டிலேயே பெயர் கொடுக்க வேண்டாம். ஊர் நம்மை அறியட்டும். ஆனால் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள், வேலை பிரிக்கும்போது கையை உயர்த்துங்கள். முதல் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, இடையில் சிரமதானம், நவராத்திரிக்கு வாணி விழா, ஆண்டின் முடிவில் ஒளி விழா. ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு ஏற்றதாக இருக்கும்.

நான் எடுத்தது விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கும் வேலை. மரநிழலில் ஒரு மேசை, இரண்டு வாளி, ஒரு பை நிறையத் தேசிக்காய். என்னோடு வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பிள்ளையின் அம்மம்மா.

“பிள்ளை எந்த ஊர்?”

“சிலாபம், அம்மா.”

“இங்கே எதற்கு வந்தீர்கள்?”

“அவருக்கு நேவியில் வேலை.”

அவர் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு, “என் மூத்தவன் போய்ப் பதினெட்டு வருடம்” என்றார். எப்படிப் போனான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெட்டிய பாதிகளை என் பக்கம் தள்ளிவிட்டு, “விதையை எடுத்துவிட்டுப் பிழி பிள்ளை, இல்லாவிட்டால் கைக்கும்” என்றார். மாலைவரை அந்த மேசையில் இருவரும் இருந்தோம். இப்போது வாசலில் கண்டால் கையைப் பிடித்து மகளின் படிப்பை விசாரிக்கிறார்.

அப்படி யாராவது உங்களிடம் தன் இழப்பைச் சொன்னால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள், உங்கள் பக்கத்துக் கதையையும் எடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்ப் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் பலர். அதிபரின் அனுமதியோடு கிழமைக்கு ஒருநாள் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் வாசிக்கவைக்கிறேன். ஆறு பிள்ளைகளோடு தொடங்கியது, பணம் வாங்குவதில்லை. அனுமதியை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

9. ஏற்கனவே அங்கே இருக்கும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள்

மூன்று சிறிய காரியங்கள் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். தேவையான ஆவணங்களை ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தவணை நடுவில் வரும் பிள்ளைக்கு ஒரு வகுப்புத் தோழனை ஒரு மாதத்துக்குத் துணையாக விடுங்கள், கொப்பி எழுதவும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டவும். தந்தை வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டங்களில் தாயோ மாமாவோ போதும் என்று சொல்லுங்கள். இது எங்களுக்கு மட்டுமல்ல, தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், தந்தையே இல்லாத வீடுகளுக்கும் உதவும். அப்படிப்பட்ட வீடுகள் இந்த ஊரில் எங்களைவிட அதிகம்.

10. அடுத்த இடமாற்றத்துக்கு இன்றே ஒரு கோப்பு

இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் கடிதம் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்து, தவணை முடியும்போதெல்லாம் தேர்ச்சி அறிக்கையின் பிரதியையும், போட்ட ஊசியின் பதிவையும், கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டையும் அதில் போடுங்கள். தரம் 1, 4, 7, 10-இல் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண், பல் என்று ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளையும் சேருங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, மூலப்பிரதியைத்தான் கேட்பார்கள்.

பிள்ளைக்கும் வகுப்புக்கும் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சிலாபத்தில் கடைசி நாள்வரை நான் சொல்லவில்லை. மகள் யாருக்கும் போய்வருகிறேன் என்று சொல்லாமலே வந்துவிட்டாள், நான் முத்திரைக்காகத் திரும்பிப் போனபோது அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அலுவலக வாசலில் சூழ்ந்துகொண்டு, அவள் எப்போது வருவாள் என்று கேட்டார்கள்.